இருபத்திரண்டு கிலோமீட்டருக்கு ஒரு வண்டி

மார்ச் 3

அன்புள்ள பாய்லர்காரருக்கு,

உங்கள் கண்ணாடிக்காரி எழுதுவது. நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்ற நினைப்பில் எழுதுகிறேன். போன் இருக்கும்போது இது என்ன புதுப் பழக்கம் என்று நெற்றியைச் சுருக்காதீர்கள். போனில் நாம் பேசுவது எனக்கு மனப்பாடம். "சாப்டியா?" "சாப்டேன், நீங்க?" "ம்." "மாத்திரை?" "போட்டேன்." "சரி, வெச்சிடறேன்." ஆறு வருஷமாக இதேதான். இதற்கு நடுவில் ஒரு வண்டியை எங்கே கொண்டுவந்து நிறுத்துவது?

ஆமாம், வண்டி வாங்கப் போகிறேன். எனக்குத்தான்.

எங்கள் லென்ஸ் பட்டறையை இடம் மாற்றிவிட்டார்கள். கட்டடக்காரர் காலி செய்யச் சொன்னார், முதலாளி பைபாஸுக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை பிடித்துவிட்டார். நம் வீட்டிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர். இரண்டு பஸ் மாற வேண்டும். அந்த முதல் பஸ்ஸின் படி இருக்கிறதே, மலை மாதிரி. கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் ஏறுவதற்குள் கண்டக்டர், "ஏறும்மா, உனக்காக வண்டி காத்துக்கிட்டு நிக்குமா?" என்கிறார். பின்னால் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். மூன்று மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு போய்வந்தேன். போன வாரம் சூப்பர்வைசர் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ லேட்டானா நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க" என்றார். நல்ல மனிதர்தான், அதனால்தான் எனக்குக் கூச்சமாகப் போயிற்று.

பட்டறையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்குப் பக்கத்து மெஷினில் உட்காருகிற பாலிஷ் அக்காவை உங்களுக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்கு வந்து தினமும் எனக்குத் தலை வாரிவிட்டவர். அவர், "கண்ண மூடிக்கிட்டு பெரிய ஸ்கூட்டர வாங்கு" என்கிறார். பேக்கிங்காரரோ, "அந்த ரோட்டுக்கு மோட்டார் சைக்கிள்தான்மா நிக்கும். ஸ்கூட்டர லாரிக் காத்து பஞ்சு மாதிரி தூக்கிடும்" என்று பயமுறுத்துகிறார். எனக்கோ சைக்கிளைத் தவிர ஒன்றும் ஓட்டத் தெரியாது.

அந்த விபத்துக்குப் பிறகு நம் இரண்டு பேருக்கும் நடுவில் வண்டி என்ற பேச்சே வந்ததில்லை. நீங்கள் பைக்கை விற்றீர்கள், உடனே அந்த ஊர் ஆலைக்கு மாற்றலும் வந்துவிட்டது. பேச நேரமும் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் உங்களைவிட்டால் நான் யாரைக் கேட்பேன்? இயந்திரம் என்றால் உங்களுக்குக் காது தனியாக வேலை செய்யுமே.

பெரிய ஸ்கூட்டரா, மோட்டார் சைக்கிளா? யோசித்து எழுதுங்கள். அவசரமில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் அவசரம்.

சமையலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது. நீங்கள் வரும்போது பார்த்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் கண்ணாடிக்காரி

*

மார்ச் 11

என் கண்ணாடிக்காரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் என்னவோ ஏதோ என்று பதறிவிட்டேன். உட்கார்ந்து படித்த பிறகுதான் மூச்சு வந்தது.

இரண்டு நாளாக ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் இதையே யோசித்தேன். இங்கே ஆலை வாசலில் நூறு வண்டி நிற்கும், ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்து பார்த்தேன். வாட்ச்மேன் என்னைத் திருடன் என்று நினைத்திருப்பார்.

பெரிய ஸ்கூட்டரில் சௌகரியம் அதிகம். கியர் கிடையாது, முறுக்கினால் போகும், பிடித்தால் நிற்கும். சீட்டுக்கு அடியில் பை வைக்கலாம், மழைக் கோட்டு வைக்கலாம். ஆனால் கனம். நடைபாதை ஓரத்தில் நிறுத்திவிட்டுப் பின்னால் தள்ளி எடுக்க உன் உடம்பில் சக்தி வேண்டும். எஞ்சின் பாரம் முழுக்கப் பின்பக்கம். சக்கரமும் சின்னது. நீ சொல்கிற சாலையில் குழி இருக்கும், லாரி போய்ப் போய்த் தார் அலை அலையாக எழும்பியிருக்கும். சின்னச் சக்கரம் குழிக்குள் இறங்கும், பெரிய சக்கரம் குழியைத் தாண்டும். இதுதான் முக்கிய வித்தியாசம்.

மோட்டார் சைக்கிளில் சக்கரம் பெரியது, பாரம் நடுவில். இரண்டு முட்டியாலும் பெட்ரோல் டேங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் வண்டியும் நீயும் ஒன்றாகிவிடுவீர்கள், எந்தக் காற்றும் அசைக்காது. சின்ன எஞ்சின் வைத்த லேசான மாடலாகப் பார். கியர்தான் உனக்குப் புதுசு. இடது காலின் நுனியால் மேலே தூக்க வேண்டும், அழுத்த வேண்டும், அவ்வளவுதான். தையல் மெஷின் மிதிக்கத் தெரிந்த உனக்கு இது ஒரு வாரத்து வேலை.

ஆகவே என் வாக்கு மோட்டார் சைக்கிளுக்கு. பேக்கிங்காரர் விஷயம் தெரிந்தவர்.

இந்த வருஷமும் மாற்றல் கிடைக்கவில்லை. பாய்லர் தெரிந்த ஆள் வேறு இல்லை என்று மேனேஜர் ஒரே பாட்டாகப் பாடுகிறார். என்ன செய்வது, வாய்த்தது அவ்வளவுதான். குழாய்க்கு உள்ளே இருக்கும் வாஷரை மாற்றினால் போதும், பிளம்பரைக் கூப்பிடு. எனக்காகக் காத்திருக்காதே.

நல்ல ஹெல்மெட்டாக வாங்கு. அதில் சிக்கனம் பார்க்காதே.

உன்
பாய்லர்காரன்

*

மார்ச் 17

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு சனிக்கிழமை ஷோரூமுக்குப் போனேன். நீங்கள் சொன்னபடி லேசான மோட்டார் சைக்கிளாகவே காட்டச் சொன்னேன். விற்பனைப் பிரிவில் இருந்த பெண் நல்ல பெண். "ஏறி உக்காந்து பாருங்க மேடம், வாங்கினாத்தான்னு இல்ல" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். வலது கால் ஒழுங்காகப் போய் உட்கார்ந்தது. இடது கால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கியர் எங்கோ பின்னால் இருந்தது. அந்தப் பெண் குனிந்து என் பாதத்தைப் பிடித்து அதன்மேல் வைத்துவிடப் பார்த்தாள். நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

பாவம், பயந்துவிட்டாள். "கால்ல அடியா மேடம்? இப்பவா பட்டுச்சு?"

"இல்லம்மா, ஆறு வருஷமாச்சு."

"அப்ப பைக் பாக்கச் சொல்லி யார் சொன்னாங்க?"

"வீட்டுக்காரர்."

"அவருக்குத் தெரியாதா?"

கடிதம் பைக்குள் இருந்தது.

உங்களையே கேட்கிறேன். என் இடது முட்டி மடங்காது. கொஞ்சம், ஒரு கதவைச் சாய்த்து வைக்கிற அளவுக்கு மடங்கும், அதற்குமேல் மடங்காது. இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் இதைத் தாளில் எழுதியே கொடுத்தார், அதை உங்களுக்கும் அனுப்பினேன். நீங்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை, இரண்டிரண்டு நாள் வந்து இருந்துவிட்டுப் போகிறீர்கள். நான் காலை நீட்டிக்கொண்டு நாற்காலியில் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறீர்கள். கீழே உட்காராமல் நின்றபடி துணி மடிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். தையல் மெஷின் விற்று ஐந்து வருஷம் ஆகிறது. அது நின்ற மூலையில் இப்போது அரிசி டின் இருக்கிறது. அதையாவது பார்த்தீர்களா?

நான் வண்டியைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் இரண்டு முட்டியாலும் டேங்கை இறுக்கிப் பிடி என்று எழுதியிருக்கிறீர்கள்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபம் இருந்தால் சீக்கிரம் எழுதி முடித்திருப்பேன். இந்த ஒரு தாளுக்கு எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

கண்ணாடிக்காரி

*

மார்ச் 29

என் கண்ணாடிக்காரிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நாலு தாளைக் கிழித்தேன். இது ஐந்தாவது.

நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். நான் உன் காலைப் பார்த்ததில்லை. கட்டுப் பிரித்த அன்று வராந்தாவில் நின்றேன். வீட்டுக்கு வரும்போதெல்லாம் உன் முகத்தைப் பார்ப்பேன், சுவரைப் பார்ப்பேன், டி.வி.யைப் பார்ப்பேன். உன் இடுப்புக்குக் கீழே என் கண் இறங்காது. டாக்டர் தாள் வந்தது. உறையைப் பிரிக்காமல் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். போன வாரம்தான் பிரித்துப் படித்தேன்.

அன்றைக்கு உன் தங்கை வீட்டுக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. நீ மடியில் பையை வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாய். "மெதுவா போங்க" என்றாய். இன்னொரு தடவை சொன்னாய். மூன்றாவது தடவை சொன்னபோது எனக்குச் சுள்ளென்று வந்தது. வேண்டுமென்றேதான் முறுக்கினேன். திருப்பத்தில் மணல் கிடந்தது. வண்டி உன் மேல் விழுந்தது. எனக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு, மூன்றாம் நாள் அதுவும் உதிர்ந்துவிட்டது.

எழுதிக்கொள்ள வந்த போலீஸ்காரரிடம் நீ, "மணல் சறுக்கிடுச்சுங்க, அவர் மெதுவாத்தான் வந்தார்" என்றாய். உன் அம்மாவிடமும் அதையே சொன்னாய். என்னிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ ஒரு தடவை என்னை வாய் நிறையத் திட்டியிருந்தால் நான் உன் காலடியிலேயே கிடந்திருப்பேன்.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதம் வந்த மறுநாள் லீவு போட்டேன். இரண்டு மரப்பட்டையை முட்டிக்கு முன்னும் பின்னும் வைத்து, துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன், டாக்டர் தாளில் எழுதியிருந்த அளவுக்குத்தான் கால் மடங்கும்படி. அதோடு வெல்டர் நண்பனின் மோட்டார் சைக்கிளில் ஏறினேன். முடியவில்லை. கீழே இறங்கவும் முடியவில்லை, அவன்தான் தூக்கி இறக்கினான். "என்ன அண்ணே, கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று சிரித்தான். பஸ் படியிலும் அப்படியே ஏறிப் பார்த்தேன். கண்டக்டர் என்னையும் திட்டினார். நீ மூன்று மாதம் இப்படி ஏறியிருக்கிறாய்.

பிறகு ஸ்டோர் கிளார்க்கின் பெரிய ஸ்கூட்டரைக் கேட்டு வாங்கினேன். அதில் நடுவில் ஒரு மேடு இருக்கிறது. இடது காலைத் தரையில் கம்பம் மாதிரி ஊன்றி, வலது காலை மட்டும் தூக்கி மேட்டுக்கு அந்தப் பக்கம் போட்டால் உட்கார்ந்துவிடலாம். கால் வைக்கும் பலகை முன்பக்கம் ஏறி நீளமாகப் போகிறது. மடக்காத காலை அப்படியே நீட்டி வைக்க இடம் இருக்கிறது. பிரேக் இரண்டும் கையில். நிறுத்தும்போது நேரான கால்தான் நல்ல ஊன்றுகோல். கனம் ஒன்றுதான் தொல்லை. எங்கே நிறுத்தினாலும் முகம் வெளியே பார்த்தபடி நிறுத்து, பின்னால் தள்ள வேண்டிய வேலை இருக்காது. குழியைக் கண்டால் இருபது அடிக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடு.

பெரிய ஸ்கூட்டர். பாலிஷ் அக்கா சொன்னதே சரி. அவர் உன்னைப் பார்த்துச் சொன்னார்.

ஏப்ரல் 12 ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்து நானே கற்றுக்கொடுக்கிறேன். காலைப் பார்த்துத்தான் கற்றுக்கொடுப்பேன். இது சத்தியம்.

உன்
பாய்லர்காரன்

*

ஏப்ரல் 6

அன்புள்ள பாய்லர்காரருக்கு,

உங்கள் கடிதத்தை மதியம் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். பட்டையைக் கட்டிக்கொண்டு நீங்கள் பைக்கில் மாட்டிக்கொண்ட இடத்தில் சிரித்தேன், கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட இடத்தில் அழுதேன். பாலிஷ் அக்கா, "என்னடி, சாப்பாட்டுல உப்பு பத்தலையா, கண்ணுல இருந்து ஊத்திக்கிற?" என்கிறார்.

திட்டாதது என் தப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நேரில் பதில் சொல்கிறேன். நிறையத் திட்டு சேர்ந்துபோயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம். நீங்கள் வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. அக்கா தன் தங்கையின் பழைய ஸ்கூட்டரை வாங்கி வந்தார். சின்னதுதான், பழக அது போதும். பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு நாளாக ஓட்டுகிறேன். ஓட்டுகிறேன் என்பது பெரிய வார்த்தை. அக்கா பின்னால் பிடித்துக்கொண்டு, "முறுக்காத, முறுக்காத, அய்யோ பிரேக்கு!" என்று ஓடி வருகிறார். நேற்று பின்பிடியை விட்டுவிடாதீர்கள் என்று நான் கெஞ்சியபோது, விட்டு வெகுநேரம் ஆகிவிட்டது என்று தூரத்திலிருந்து குரல் கேட்டது. அந்த நிமிஷமே விழப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் ஏழு மணிக்கு மைதானத்தில்தான் இருப்பேன். முதல் பஸ்ஸில் வந்தால் நேராக அங்கேயே வந்துவிடுங்கள், வீட்டுக்குப் போய்ப் பூட்டைப் பார்த்து நிற்காதீர்கள். கிழக்குச் சுவரில் ஒரு சின்ன வாசல் இருக்கிறது, பெரிய கேட்டைப் பூட்டிவைத்திருப்பார்கள்.

உங்கள் தலையணைக்கு உறை மாற்றிவிட்டேன். குழாயை நான் சரிசெய்யவில்லை. பிளம்பரைக் கூப்பிடு என்று சொன்னவர் வந்து சரிசெய்யட்டும்.

ஆசையுடன்,
உங்கள் கண்ணாடிக்காரி

*

ஏப்ரல் 14

அன்புள்ள உங்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரவில்லை. ஷிப்டை மாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். போனும் எடுக்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஆலையின் ஆபீஸ் நம்பருக்குப் போட்டேன். "அவர் நல்லாத்தாம்மா இருக்கார், இன்னிக்கு டூட்டிக்கு வந்துட்டாரே" என்றார்கள். மனது சமாதானமாயிற்று. அதன் பிறகு சமாதானம் போய்விட்டது.

மைதானத்தில் ஒரு தடவை விழுந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, உள்ளங்கை மட்டும் உரிந்தது.

ஒரு வரி எழுதுங்கள்.

கண்ணாடிக்காரி

*

ஏப்ரல் 20

என் கண்ணாடிக்காரிக்கு,

நான் வந்தேன்.

முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, நேராக மைதானத்துக்கு வந்தேன். கிழக்குச் சுவரின் சின்ன வாசல் வரை வந்தேன். நீ நீல நிறத்தில் ஏதோ உடுத்தியிருந்தாய், ஹெல்மெட் போட்டிருந்தாய். இடது காலைப் பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டு சுற்றி வந்தாய். நான் உன் காலைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். உள்ளே வர ஒரு அடி எடுத்துவைத்தேன்.

அப்போதுதான் நீ விழுந்தாய். வண்டி உன் பக்கமாகச் சாய்ந்தது. பாலிஷ் அக்கா செருப்பை உதறிவிட்டு ஓடினார். எனக்கு அவரைவிட வயது குறைவு, நான் நின்ற இடமும் உனக்குப் பக்கம். என் கால் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஓட நினைத்தேன், வரவில்லை. அக்கா வண்டியைத் தூக்கினார். நீ மண்ணில் உட்கார்ந்தபடியே சிரித்தாய். "இன்னொரு ரவுண்டு" என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது.

திரும்பி நடந்து பஸ் ஏறிவிட்டேன். அடுத்த நாள் டூட்டிக்கும் போனேன். இதற்குமேல் மனிதன் கேவலப்பட முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பாதி சொல்லிப் பாதி மறைத்து இனி என்ன ஆகப் போகிறது? இந்த ஊர் மாற்றல் தானாக வந்ததில்லை. நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது நானே எழுதிக்கொடுத்து வாங்கியது. ஒவ்வொரு வருஷமும் மேனேஜர், "போறியாப்பா, அந்தப் பக்கம் இடம் காலியாத்தான் இருக்கு" என்று கேட்பார். நான்தான் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பேன். உன்னிடம் அவர் விடவில்லை என்பேன்.

இந்த வாரம் அவரிடம் போய் எழுதிக்கொடுத்துவிட்டேன். ஜூன் முதல் தேதி நம் ஊர் ஆலையில் சேருகிறேன். ஒரேயடியாக வந்துவிடுகிறேன். நீ வண்டி வாங்க வேண்டாம், கஷ்டப்பட்டுப் பழகவும் வேண்டாம். நானே ஒரு பெரிய ஸ்கூட்டர் வாங்கி, தினமும் காலையில் உன்னைப் பட்டறையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் வந்து அழைத்துக்கொள்கிறேன். நடக்கிற வேகத்தில் ஓட்டுகிறேன். நீ ஒரு தடவைகூட மெதுவா என்று சொல்ல வேண்டியிருக்காது.

என்னை மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை எழுது. பெட்டியைக் கட்டிவைத்திருக்கிறேன்.

உன்
பாய்லர்காரன்

*

மே 18

அன்புள்ள உங்களுக்கு,

உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். தினமும் எழுத உட்கார்ந்தேன். நடுவில் லைசென்ஸ் வாங்கும் வேலை வந்தது, வண்டி எடுக்கும் வேலை வந்தது. எல்லாம் முடியட்டும், மனது ஒரு நிலைக்கு வரட்டும் என்று இருந்தேன்.

வண்டி வாங்கிவிட்டேன். பெரிய ஸ்கூட்டர்தான், சாம்பல் நிறம். நீங்கள் எழுதிய ஒவ்வொன்றும் சரி. இடது காலை ஊன்றி வலது காலைப் போட்டேன், உட்கார்ந்தேன், பலகையில் காலை நீட்டினேன். அந்த ஷோரூம் பெண் கை தட்டினாள். அவள் மேனேஜர் அவளை முறைத்தார்.

முதல் நாள் பட்டறைக்கு ஐம்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. பாலிஷ் அக்கா வழக்கமான பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸைப் பிடித்துப் போய்க் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார். பைபாஸ் பாலத்தின் மேல் காற்று பக்கவாட்டில் அடித்தது, ஒரு டேங்கர் லாரி என்னை உரசுகிற மாதிரி தாண்டியது. வேகத்தைக் குறைத்து ஓரமாகப் பிடித்துக்கொண்டேன். பின்னால் வந்த ஒருவர் ஹாரன் அடித்துத் தள்ளினார். அடிக்கட்டும் என்று என் வேகத்திலேயே போனேன். எவ்வளவு மெதுவாகப் போக வேண்டுமோ அவ்வளவு மெதுவாகப் போனேன். இத்தனை வருஷத்தில் ஒரு வண்டியின் வேகம் என் கையில் இருந்தது இதுதான் முதல் தடவை.

வண்டி எடுக்கும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் ஒரு கட்டம். வழியில் ஏதாவது ஆனால் உடனே தகவல் சொல்ல வேண்டிய ஆள், பெயர், உறவு, போன் நம்பர். கை தானாக உங்கள் பெயரை எழுதத் தொடங்கியது. பாதிப் பெயரில் நின்றுவிட்டது. ஆபத்து என்றால் யார் ஓடி வருவார்கள் என்று கேட்கிற கட்டம் அது, வேறு ஒன்றும் கேட்கவில்லை. அடித்துவிட்டு அக்காவின் பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அந்தப் பெண், "அக்கான்னே போடுங்க மேடம், யார் வந்து பாக்கப் போறாங்க" என்றாள்.

அதை எழுதிக் கையெழுத்துப் போட்டபோதே உங்களுக்கான பதிலும் எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன்.

மன்னிப்பு கேட்டிருக்கிறீர்கள். அந்தத் திருப்பத்தில் நீங்கள் முறுக்கியதை நான் ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோதே மன்னித்துவிட்டேன். கோபம் வந்தால் யார்தான் முறுக்க மாட்டார்கள்? போலீஸ்காரரிடம் நான் சொன்னது உங்களைக் காப்பாற்ற மட்டும் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நீங்கள் இருப்பீர்கள், கொஞ்ச நாள் கழித்து ஒருநாள் சாவகாசமாகத் திட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். திட்ட ஆள் இருந்தாரா? என் கட்டுப் பிரிப்பதற்குள் நீங்கள் மாற்றல் வாங்கிவிட்டீர்கள். மேனேஜர் விடவில்லை என்று நீங்கள் சொன்ன ஒவ்வொரு வருஷமும் நான் அந்த மனிதரைச் சபித்தேன். அவருக்கு நான் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும்.

மைதானத்தில் நீங்கள் நின்றதையும் நினைத்துப் பார்த்தேன். நீங்கள் கெட்டவர் இல்லை. முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் பார்த்த மனிதர் கெட்டவராக இருக்க முடியாது. ஆனால் என் காலைப் பார்க்கும்போதெல்லாம் உங்களுக்கு உங்கள் தப்புதான் தெரிகிறது. எனக்கு அது கால். வலிக்கிற கால், மழைக்கு முன்னால் குடைகிற கால், இப்போது வண்டியில் நீட்டி வைத்துக்கொள்கிற கால். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, காலையில் எழுந்ததும் உங்கள் முகத்தில் அந்த விபத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. தனியாக இருந்து பழகிவிட்டேன் என்று வீம்புக்குச் சொல்லவில்லை. ஆறு வருஷம் ஒவ்வொரு தடவையும் கதவு தட்டும்போது நீங்களாக இருக்கும் என்று எழுந்தவள் நான். ஏப்ரல் பன்னிரண்டு அன்று மதியம்வரைகூட எழுந்தேன்.

தினமும் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறீர்கள். படித்தபோது ஒரு நிமிஷம் ஆசையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். உங்கள் முதுகுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவதைப் போல ஒரு சுகம் எனக்கு ஒருகாலத்தில் வேறு இருந்ததில்லை. இனி என்னால் பின்னால் உட்கார முடியாது.

ஜூன் முதல் தேதி இந்த ஊருக்கு வருவது உங்கள் இஷ்டம். வேலை உங்களுடையது, ஊரும் எல்லோருக்கும் பொது. இந்த வீட்டுக்கு மட்டும் வர வேண்டாம். உங்கள் துணிகளையும், ஸ்பானர் பெட்டியையும், அந்தப் பழைய ரேடியோவையும் தனியாகக் கட்டிவைத்திருக்கிறேன். எங்கே கொடுத்தனுப்ப வேண்டும் என்று எழுதினால் அனுப்பிவைக்கிறேன். இதற்கு மட்டும் பதில் போட்டால் போதும்.

அங்கே வெயில் ஏறிக்கொண்டிருக்கும். பாய்லர் பக்கத்தில் நிற்கிறவர் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். உங்களுக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை மாதக் கடைசியில் எப்போதும் தீர்ந்துபோகும், இருபதாம் தேதியே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். இனி அதைப் போனில் கேட்க மாட்டேன், அதனால் எழுதிவிடுகிறேன்.

மணி ஏழேகால் ஆகிறது. வாசலில் பால் வண்டி நிற்கிறது, அது நகர்ந்ததும் நான் கிளம்ப வேண்டும்.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரி